கன்னிவாடியில் வேர்க்கும் கார் கொடைக்கானலில் ஏன் குளிர்கிறது?

சித்திரை மாதத்து மத்தியானம். கன்னிவாடி கடைவீதியில் நிற்கும் விலை உயர்ந்த கார் ஒன்றில் ஏசி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பின்சீட்டில் இருப்பவரோ கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார். அதே கார் செம்பட்டி, வத்தலக்குண்டு வழியாக மலையேறிக் கொடைக்கானல் ஏரிக்கரையில் நிற்கும்போது சில்லென்று காற்று வீசும். ஊர் திரும்பியதும் மறுபடி அதே புழுக்கம். "மேலே நல்லாத்தான் இருந்துச்சு, கீழே வந்தா கூலிங் பத்தலை" என்ற புகாரைத் திண்டுக்கல், பழனி சாலைப் பட்டறைகளில் கோடைதோறும் கேட்கலாம். பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான்: "கேஸ் கம்மியா இருக்கும் சார், அடிச்சு விட்டுடலாம்."

அந்தப் பதில் சில சமயம் சரியாகவும் இருக்கும். ஆனால் வண்டிக்காரர் சொன்ன வாக்கியத்திலேயே பழுதுக்கான துப்பு ஒளிந்திருக்கிறது. அதைக் காதில் வாங்காமல் கேஸ் சிலிண்டரைத் தேடுவதுதான் எனக்கு வருத்தம். மேலே போதுமானதாக இருந்து கீழே பத்தாமல் போகிற ஏசி எங்கே தளர்ந்திருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க இந்த மலையே உதவும். அதற்கு முன், காருக்குள் இருக்கும் வெப்பம் எந்த வழியாக வெளியேறுகிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

நம் சாலைகளில் ஓடும் கார்களில் பெரும்பாலும் இருக்கும் குளிர்பதன வாயு ஆர்-134ஏ. சாதாரணக் காற்றழுத்தத்தில் இது மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலுக்குள் இதைத் திரவமாக விட்டு, அழுத்தத்தை வளிமண்டலத்துக்கு மேல் 2 பார் அளவில் வைத்துக்கொண்டால், 0 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். ஒரு கிலோ திரவம் அந்த நிலையில் முழுக்க ஆவியாக ஏறக்குறைய 200 கிலோஜூல் வெப்பம் தேவை. காயிலைத் தொட்டுப் போகும் காற்றிடமிருந்து அந்த வெப்பத்தை அது எடுத்துக்கொள்கிறது. நமக்குச் சில்லென்று வருவது வெப்பத்தைப் பறிகொடுத்த அந்தக் காற்று.

எடுத்த வெப்பத்தை வெளியே கொண்டுபோய்த் தள்ள வேண்டுமே. வெளியே 38 டிகிரி வெயில். 0 டிகிரியில் இருக்கும் ஆவியால் 38 டிகிரி காற்றுக்குத் தானாக வெப்பத்தைக் கொடுக்க முடியாது; வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் போகும். ஆகவே கம்ப்ரஸர் அந்த ஆவியை இழுத்து அமுக்கி, 14, 15 பார் அழுத்தத்துக்கு ஏற்றுகிறது. அந்த அழுத்தத்தில் ஆவி திரும்பவும் திரவமாகும் வெப்பநிலை 55 டிகிரிக்கு மேல். இப்போது வெளிக்காற்றைவிட வாயு சூடாகிவிட்டது. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டன்சரில் அது வெப்பத்தைக் கொட்டிவிட்டுத் திரவமாகிறது; ட்ரையரில் ஈரத்தை விட்டுவிட்டு, எக்ஸ்பான்ஷன் வால்வின் குறுகிய துளை வழியாகப் பீறிட்டு, அழுத்தம் குறைந்து மீண்டும் காயிலுக்கு வருகிறது. பெரிய கார் ஒன்றில் 700 கிராம் வாயு இருக்கிறது, அது 5 கிலோவாட் வெப்பத்தை அள்ளுகிறது என்று வைத்துக் கணக்கிட்டால், உள்ளே இருக்கும் வாயு முழுவதும் சுமார் 20 வினாடிக்கு ஒருமுறை இந்தச் சுற்றை முடிக்கிறது.

இந்த வழியில் எங்கே தடை ஏற்பட்டாலும் காருக்குள் தெரிவது ஒரே குறைதான்: கூலிங் பத்தலை. காயிலில் காற்று போகாவிட்டாலும் அதே குறை; கண்டன்சரில் வெப்பம் இறங்காவிட்டாலும் அதே குறை; வாயு குறைந்தாலும் கூடினாலும் அதே குறை. அறிகுறி ஒன்று, காரணங்கள் பல. சோதித்துப் பார்க்காமல் மருந்து கொடுப்பது ஆபத்தாவது இதனால்தான்.

இப்போது மலைக்கு வருவோம். கன்னிவாடி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர் உயரம். கொடைக்கானல் நகரம் சுமார் 2,100 மீட்டர். இடையே 1,800 மீட்டர். வறண்ட காற்று மேலே ஏறும்போது, சுற்றிலும் அழுத்தம் குறையக் குறைய விரிகிறது. விரிவதற்கான ஆற்றலைத் தன் வெப்பத்திலிருந்தே செலவிடுவதால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 9.8 டிகிரி குளிர்கிறது. 1,800 மீட்டருக்கு 17 டிகிரிக்கு மேல் வருகிறது. கோடைப் பகலில் அடிவாரத்தில் 37, 38 டிகிரியும் கொடைக்கானலில் 20 டிகிரியை ஒட்டியும் இருப்பது இந்தக் கணக்கோடு நன்றாகவே பொருந்துகிறது. 1845இல் மதுரை அமெரிக்க மிஷனரிகள் சமவெளியின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி அங்கே முதல் இரண்டு வீடுகளைக் கட்டிக்கொண்டபோது அவர்கள் தேடிப் போனது இந்த 17 டிகிரியைத்தான்.

இந்த வித்தியாசம் ஏசிக்கு இரண்டு பக்கமும் சலுகை தருகிறது. முதலாவது, சுமை. வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் நிலையில் மணிக்கு 300 கன மீட்டர் காற்று காயில் வழியாகப் போகிறது என்று கொள்வோம். கன்னிவாடியின் 38 டிகிரி காற்றை 10 டிகிரிக்கு இறக்க, வெப்பத்துக்கு மட்டும் 2.5 கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். அதில் இருக்கும் ஈரம் காயிலில் நீராகப் படிவதற்கு இன்னும் 1.5 கிலோவாட். அந்த ஈரம்தான் மணிக்கு 2 லிட்டர் அளவில் காருக்கு அடியில் சொட்டுகிறது. அதே காற்றை, உள்ளே இருப்பதையே சுற்றவிடும் பொத்தானை அழுத்தி 26 டிகிரியிலிருந்து இறக்கினால் சுமை 1.5 கிலோவாட் சொச்சமாகச் சுருங்கிவிடும். கொடைக்கானலிலோ வெளிக்காற்றே 20 டிகிரியில் வந்து நிற்கிறது. காயிலுக்குப் பாதி வேலைகூட இல்லை.

இரண்டாவது சலுகை கண்டன்சருக்கு. 38 டிகிரி வெளிக்காற்றுக்கும் 58 டிகிரி வாயுவுக்கும் இடையே இருப்பது 20 டிகிரி இடைவெளி. அந்த இடைவெளிதான் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. கண்டன்சர் பாதி அடைத்திருந்தால் அதே வெப்பத்தைத் தள்ள 40 டிகிரி இடைவெளி வேண்டும். வாயு 78 டிகிரிக்கு ஏற வேண்டும். அதற்கு வேண்டிய அழுத்தத்தை நெருங்க விடாமல் பாதுகாப்பு ஏற்பாடு தடுத்துவிடும். கொடைக்கானலில் அதே அடைத்த கண்டன்சர் 20 டிகிரி காற்றில் நிற்கிறது. வாயு 60 டிகிரிக்கு ஏறினாலே 40 டிகிரி இடைவெளி கிடைத்துவிடுகிறது. அந்த உயரத்தில் காற்று ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது என்பதால் விசிறி தள்ளும் காற்றின் எடையும் குறையும். ஆனாலும் குளிர்ந்த காற்று தரும் லாபம் அந்த நஷ்டத்தைவிட மிகப் பெரியது. பழுது அங்கேயேதான் இருக்கிறது, மலை அதை மறைத்துவிட்டது.

ஆகவே "மேலே நல்லா இருந்துச்சு" என்று வண்டிக்காரர் சொன்னால், கண்டன்சரும் அதன் விசிறியும்தான் முதல் சந்தேகத்துக்கு உரியவை. கூடவே கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி உண்டு: சிக்னலில் நிற்கும்போது மோசமாகி, நான்குவழிச் சாலையில் 80இல் போகும்போது தேறுகிறதா? ஆம் என்றால் சந்தேகம் ஏறக்குறைய உறுதிதான். ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்று விசிறியின் வேலையைச் செய்துவிடுகிறது. நின்றால் விசிறி ஒன்றே கதி. மலைப்பாதையின் கீழ்ப்பகுதியில்தான் இது மிகக் கடுமையாகத் தெரியும். தருமத்துப்பட்டியிலிருந்து பன்றிமலை, ஆடலூர் ஏறும் வளைவுகளில் இரண்டாவது கியரில் ஊர்ந்து போகிற வண்டிக்கு எதிர்க்காற்று கிடையாது, எஞ்சினோ முழுப் பாரத்தில் கொதிக்கிறது, வெளியே இன்னும் சமவெளியின் வெக்கை. சில கார்கள் செங்குத்து ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் எஞ்சினுக்குச் சக்தி மிச்சப்படுத்த ஏசி கம்ப்ரஸரைச் சில நொடிகள் விட்டுவிடும். அந்தத் தளர்ச்சி பழுது இல்லை.

அடிவார ஊர்களில் கண்டன்சர் அடைபடக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. செம்மண் புழுதி, தோப்புச் சாலைகளில் இரவு விளக்கில் மோதிச் சாகும் பூச்சிகள், கோடையில் காய் வெடித்துப் பறக்கும் இலவம்பஞ்சு. பஞ்சும் புழுதியும் சேர்ந்தால் கண்டன்சரின் மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு இடையே மெத்தைபோல் படிந்துவிடும். சொகுசுக் கார்களில் இது இன்னும் சிக்கல். கண்டன்சர், அதன் பின்னால் டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், கியர்பாக்ஸ் ஆயில் கூலர், எஞ்சின் ரேடியேட்டர் என்று அடுக்கடுக்காக நிற்கும். முன்னால் பார்த்தால் சுத்தமாகத் தெரியும். அழுக்கு இரண்டு அடுக்குக்கு நடுவில் இருக்கும். பம்பரைக் கழற்றி, அடுக்குகளை விலக்கினால்தான் கண்ணில் படும். வாட்டர் வாஷ் பம்பை முன்னாலிருந்து முழு அழுத்தத்தில் பீய்ச்சினால் தகடுகள் மடங்கி, இருந்த வழியும் அடைந்துவிடும். சாதாரணக் குழாய்த் தண்ணீரை, முடிந்தால் எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கி, மெதுவாக விட வேண்டும்.

நல்ல மெக்கானிக் இதை எப்படிக் கண்டுபிடிப்பார் என்பதைத் திண்டுக்கல் புறவழிச்சாலைப் பட்டறை ஒன்றில் பார்த்தேன். வயதான ஒரு ஜெர்மன் கார். ஏற்கெனவே வேறு இடங்களில் இரண்டு முறை கேஸ் அடித்தாகிவிட்டது. மெக்கானிக் நீலக் குழாயைக் குறைந்த அழுத்தப் பக்கமும் சிவப்புக் குழாயை அதிக அழுத்தப் பக்கமும் மாட்டினார். நீல மானி 55 பி.எஸ்.ஐ. காட்டியது, சிவப்பு 320. நீலம் 30ஐ ஒட்டியும் சிவப்பு 200க்கு மேல் 250க்குள்ளும் இருந்திருக்க வேண்டும். வேறு எதையும் தொடாமல் ஒரு பக்கெட் தண்ணீரை எடுத்து, கையால் அள்ளி, கண்டன்சர் மீது விசிறினார். ஆவி கிளம்பியது. சிவப்பு முள் 300, 270 என்று இறங்கி 220க்கு வந்தது. நீல முள்ளும் கூடவே 40க்குக் கீழே சரிந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த பையன், "அண்ணே, சில்லுனு வருதுண்ணே" என்றான். தண்ணீர் காய்ந்ததும் இரண்டு முள்ளும் பழைய இடத்துக்கே ஏறின. "பாத்தீங்களா சார், கம்ப்ரஸர் நல்லாருக்கு, வால்வு நல்லாருக்கு. சூடு வெளிய போக மாட்டேங்குது, அவ்வளவுதான்" என்றார் மெக்கானிக்.

அந்த எண்களை வெப்பநிலையாக மாற்றிப் படித்தால் நடந்தது தெளிவாகும். ஆர்-134ஏ 320 பி.எஸ்.ஐ.யில் திரவமாவது 70 டிகிரிக்கும் மேலே. அடைத்த கண்டன்சர் வழியே வெப்பத்தைத் தள்ள வாயு அவ்வளவு சூடாக வேண்டியிருந்தது. அழுத்தம் ஆபத்தான எல்லையை நெருங்குவதைச் சென்சார் சொன்னதும் காரின் கணினி கம்ப்ரஸரின் வேலையைக் குறைத்தது. கம்ப்ரஸர் குறைவாக இழுத்ததால் காயிலில் அழுத்தம் 55க்கு ஏறியது. அந்த அழுத்தத்தில் வாயு கொதிப்பது 15 டிகிரியில். 15 டிகிரிக் காயிலிலிருந்து 19, 20 டிகிரி காற்றுதான் வரும். 38 டிகிரி வெயிலில் அது யாருக்கும் போதாது.

கம்ப்ரஸரே தன் வேலையைக் குறைத்துக்கொள்வது பழைய கார்களில் இல்லாத விஷயம். பழைய வண்டிகளில் மேக்னட் கிளட்ச் 'டக்' என்று பிடிக்கும், 'டக்' என்று விடும். காதால் கேட்டே பாதி நோயைச் சொல்லிவிடலாம். இப்போதைய உயர்ரகக் கார்கள் பலவற்றில் கம்ப்ரஸர் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் சாய்தட்டின் கோணம் மாறி, பிஸ்டன்கள் நகரும் தூரம் கூடும், குறையும். கணினி ஒரு சிறிய மின் வால்வு மூலம் அதைக் கட்டளையிடுகிறது. அந்த வால்வு ஒட்டிக்கொண்டால் கம்ப்ரஸர் ஓடும், ஆனால் இழுக்காது. அப்போது இரண்டு முள்ளும் நடுவில் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும்: நீலம் மிகக் கூடுதல், சிவப்பு மிகக் குறைவு. தண்ணீர் தெளித்தாலும் மாறாது. இதைக் கண்ட பலரும் முழுக் கம்ப்ரஸரையே மாற்றச் சொல்கிறார்கள். பல மாடல்களில் அந்த வால்வு தனியாகவே கிடைக்கிறது. இரண்டின் விலைக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

கேஸ் விஷயத்துக்கு வருகிறேன். மானியில் அழுத்தத்தைப் பார்த்துக் கேஸ் அளவைச் சொல்லிவிட முடியும் என்ற நம்பிக்கைதான் இந்தத் தொழிலில் அதிகம் கெடுதல் செய்கிறது. வீட்டு அடுப்பு கேஸ் சிலிண்டரை நினைத்துப் பாருங்கள். நிறைய இருக்கும்போதும் கால்வாசி இருக்கும்போதும் அடுப்பு ஒரே மாதிரிதான் எரிகிறது. திரவம் தீரப்போகும் கடைசி நேரத்தில்தான் சுவாலை தணிகிறது. திரவமும் ஆவியும் சேர்ந்திருக்கும் வரை, அழுத்தத்தை முடிவு செய்வது வெப்பநிலை மட்டுமே. சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று அறிய நாம் தூக்கிப் பார்க்கிறோம், அதாவது எடை பார்க்கிறோம். கார் ஏசிக்கும் அதே வழிதான் உண்டு. உள்ளே இருக்கும் வாயுவை மீட்பு இயந்திரத்தில் முழுக்க இழுத்து எடை போட வேண்டும். வேக்யூம் போட வேண்டும். பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் எழுதியுள்ள கிராம் கணக்குக்கு நிரப்ப வேண்டும்.

மேலே சொன்ன காரில் வாயுவை இழுத்து நிறுத்தபோது சீட்டில் இருந்ததைவிடக் கணிசமாக அதிகம் இருந்தது. அடைத்த கண்டன்சருக்குக் கேஸ் அடித்ததன் பலன் அது. கூடுதல் திரவம் கண்டன்சரின் அடிப்பகுதியில் தேங்கி, ஆவி திரவமாவதற்கான இடத்தைத் தின்றுவிடுகிறது. அழுத்தம் இன்னும் ஏறுகிறது. பழுதைச் சரிசெய்யக் கொடுத்த பணம் பழுதை வளர்த்திருக்கிறது.

வாயு உண்மையிலேயே குறைந்திருந்தால் அடையாளம் வேறு. இரண்டு முள்ளும் தாழ்ந்து நிற்கும். காயிலுக்குள் போகும் திரவம் முதல் சில வரிசைகளிலேயே தீர்ந்துபோய், மீதிக் காயில் வெறும் ஆவியோடு சும்மா கிடக்கும். அதனால் சில கார்களில் டிரைவர் பக்கம் வெதுவெதுப்பாகவும் மறுபக்கம் குளிராகவும் காற்று வரும். ஆனால் அவசரப்படக்கூடாது: நான்கு பேருக்கு நான்கு விதமாகக் குளிர் தரும் கார்களில், சூடும் குளிரும் கலக்கும் தட்டுகளைச் சின்னச் சின்ன மோட்டார்கள் திருப்புகின்றன. ஒரு மோட்டாரின் பிளாஸ்டிக் பல் உடைந்தாலும் இதே அறிகுறிதான். ஸ்கேனரில் பார்த்தால் கணினி கேட்ட கோணமும் தட்டு நிற்கும் கோணமும் தெரியும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கேஸைத் தொடவே வேண்டாம். பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு இந்த மோட்டார்கள் தங்கள் எல்லைகளை மறந்துவிடுவதும் உண்டு. மறுபடி கற்றுக்கொடுக்க ஸ்கேனரிலேயே வழி இருக்கிறது.

வாயு குறைந்தது உறுதியானால், அது எங்கே போனது என்று கேட்காமல் நிரப்புவது வீண். ரப்பர் குழாய்கள் வழியாகவும் இணைப்புகள் வழியாகவும் வருடங்கள் போகப் போகச் சிறிதளவு கசிவது இயல்பு. ஒரே கோடையில் பாதி காலியானால் ஓட்டை இருக்கிறது. நைட்ரஜன் அடித்துச் சோப்பு நுரை தடவியோ, புறஊதா விளக்கில் ஒளிரும் சாயம் விட்டோ கண்டுபிடித்துவிடலாம். கல் பட்ட கண்டன்சர், கம்ப்ரஸரின் முன் சீல், காய்ந்துபோன ஓ-ரிங் ஆகிய மூன்றையும் பார்த்தாலே பெரும்பாலான கசிவுகள் பிடிபடும்.

மலிவான காரணங்களையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவைதான் அடிக்கடி நேர்கின்றன. காற்று நன்றாகக் குளிர்ந்திருக்கிறது, ஆனால் கொஞ்சமாக வருகிறது என்றால் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். வேப்பமரத்தடியில் நிறுத்தும் வண்டிகளில் பூவும் சருகும் ஃபில்டர் மேல் திட்டாகப் படிந்திருக்கும். அப்படிக் காற்று குறைந்தால் காயிலில் ஐஸ் கட்டும். ஒரு மணி நேரப் பயணத்துக்குப் பிறகு காற்றே நின்றுபோகும். டீக்கடையில் பத்து நிமிஷம் நிறுத்தினால் வண்டிக்கு அடியில் குளம்போல் தண்ணீர்; கிளம்பினால் மறுபடி நன்றாக வரும். இந்த வரிசையைக் கவனித்துச் சொன்னால் மெக்கானிக்குக் கேஜ் மாட்ட வேண்டிய அவசியமே இருக்காது.

இன்னொன்று நம் ஊருக்கே உரியது. தானியங்கி ஏசி உள்ள கார்களில் முன்கண்ணாடிக்கு அடியில், டேஷ்போர்டின் மேல், பொத்தான் அளவில் ஒரு கருப்பு மூடி இருக்கும். வெயில் எவ்வளவு என்று அளக்கும் சென்சார் அது. அதன் மேல்தான் நாம் பிள்ளையாரை வைக்கிறோம், பூச்சரம் போடுகிறோம், வெல்வெட் துணி விரிக்கிறோம். உச்சி வெயிலிலும் கணினிக்கு நிழல் என்றே தகவல் போகிறது. அது காற்றைக் குறைத்துக் கொடுக்கிறது. பிள்ளையாரை நான்கு விரல் தள்ளி வைத்தால் போதும்.

மலைமேலே ஏசி வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை அவசியம். வாயு நிரப்புவதற்கு முன் வேக்யூம் போடுவது உள்ளே இருக்கும் ஈரத்தையும் காற்றையும் வெளியேற்றத்தான். மானி காட்டுவது வெளிக்காற்றழுத்தத்தோடு ஒப்பிட்ட எண். கன்னிவாடி உயரத்தில் முழு வேக்யூமுக்கு முள் 29 அங்குலத்தை ஒட்டி வரும். கொடைக்கானலில் காற்றழுத்தமே குறைவு என்பதால், உள்ளே ஒரு துளி வாயுகூட இல்லாவிட்டாலும் 23, 24 அங்குலத்தோடு நின்றுவிடும். சமவெளியில் தொழில் கற்றவர் அதைப் பார்த்து லீக் என்று நினைத்து நல்ல இணைப்புகளைக் கழற்றிவிடக்கூடும். மலைக்குளிரில் ஈரம் வெளியேறுவதும் தாமதமாகும்: 25 டிகிரியில் தண்ணீர் 32 மில்லிபாரிலேயே கொதிக்கும், 15 டிகிரியில் 17 மில்லிபாருக்கு இறக்கியாக வேண்டும். பம்ப்பைக் கூடுதல் நேரம் ஓடவிடுவதே வழி. அதேபோல் மார்கழிப் பின்னிரவில் வெளியே 2, 3 டிகிரிக்கு இறங்கும்போது பல கார்களில் கம்ப்ரஸர் இயங்க மறுப்பது காயில் உறையாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. வெப்பநிலை அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்து, பனிமூட்டத்தில் கண்ணாடி மங்கும்போது ஏசியை ஹீட்டரோடு சேர்த்துப் போட்டால் காயில் ஈரத்தைப் பிழிந்துவிட்டு வறண்ட காற்றைத் தரும், கண்ணாடி நிமிடத்தில் தெளியும்.

காரில் ஏசி வந்து ஒன்றும் ரொம்ப காலம் ஆகிவிடவில்லை. அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் 1939இல், 1940ஆம் வருட மாடல்களுக்காக, முதன்முதலாகத் தொழிற்சாலையிலேயே பொருத்திக் கொடுத்தது. காயில் டிக்கியில் பாதியை அடைத்துக்கொண்டது. நிறுத்த வேண்டுமானால் இறங்கி, எஞ்சினை அணைத்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும். அப்போதிருந்து அரை நூற்றாண்டு ஓடிய ஆர்-12 வாயு ஓசோன் படலத்தை அரிக்கிறது என்று விஞ்ஞானிகள் மோலினாவும் ரோலண்டும் 1974இல் எழுதினார்கள். 1987 மான்ட்ரியல் ஒப்பந்தம் அதற்கு முடிவு கட்டியது. இடத்துக்கு வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 1,430 மடங்கு புவியைச் சூடாக்கும். 700 கிராமைக் காற்றில் திறந்துவிட்டால் ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு விட்டதற்குச் சமம். ஏறக்குறைய 430 லிட்டர் பெட்ரோல் எரித்த கணக்கு. ஓட்டையை அடைக்காமல் வருஷாவருஷம் கேஸ் அடிக்கும் வண்டி, ஒவ்வொரு கோடையிலும் அவ்வளவையும் வானத்துக்கு அனுப்புகிறது.

ஐரோப்பாவில் 2017 முதல் புதிய கார்களில் ஆர்-134ஏ கூடாது. அங்கிருந்து வடிவமைத்து வரும் புதிய சொகுசுக் கார்கள் சிலவற்றில் ஆர்-1234ஒய்எஃப் இருக்கலாம். அது புவியை அநேகமாகச் சூடாக்காது, ஆனால் விலை பல மடங்கு, லேசாகத் தீப்பற்றும் தன்மையும் உண்டு. 2012இல் டைம்லர் நிறுவனம் தன் மோதல் சோதனையில் அது தீப்பிடித்ததாக அறிவித்ததும் ஐரோப்பாவே அமளிப்பட்டது. இரண்டையும் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றாக ஊற்றக்கூடாது. அதனால்தான் சர்வீஸ் முனைகளே வேறு அளவில் இருக்கின்றன. அடாப்டர் போட்டு மாற்றி அடிப்பவர்களிடம் வண்டியைக் கொடுக்க வேண்டாம்.

போலி வாயு அதைவிட ஆபத்து. 2011இல் ஆர்-134ஏ என்ற பெயரில் மெத்தில் குளோரைடு கலந்த வாயு உலகச் சந்தையில் நுழைந்தது. அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டதும் தானாகவே பற்றிக்கொள்ளும் பொருளை உண்டாக்கும். வியட்நாமிலும் பிரேசிலிலும் குளிர்சாதனக் கப்பல் கன்டெய்னர்கள் வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். சந்தை விலையைவிட மிக மலிவாக வரும் டப்பாவை வாங்குவதற்கு முன் அந்தச் சாவுகளை நம் மெக்கானிக்குகள் அறிந்திருக்க வேண்டும். முதல் அடி அவர்கள் மேல்தான் விழும்.

இந்தியா 2021இல் கிகாலி திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. அதன்படி 2028 முதல் இவ்வகை வாயுக்களின் பயன்பாடு அதிகரிக்கக் கூடாது. 2032இலிருந்து படிப்படியாகக் குறைந்து 2047க்குள் 85 சதவீதம் ஒழிய வேண்டும். ஆர்-134ஏ அரிதாகி விலை ஏறும் என்று எதிர்பார்க்கலாம். அதே நேரம் ஏசி வண்டிகளின் எண்ணிக்கையோ கூடுகிறது: 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் டிரைவர் அறையில் ஏசி கட்டாயம். ஒட்டன்சத்திரம் சந்தையில் முருங்கையும் தக்காளியும் ஏற்றும் லாரிகள் இனி ஏசியோடு வந்து இதே பட்டறைகளில் நிற்கும். வாயுவை வீணாக்காமல் இழுத்து எடை போடும் மீட்பு இயந்திரம் ஒன்று அந்தப் பட்டறைகளுக்கு எட்டும் விலையில், எளிய தவணைக் கடனில் கிடைக்க வேண்டும். மானியில் தெரியும் எண்ணை வெப்பநிலையாக மாற்றிப் படிக்கும் பயிற்சியை ஐடிஐகளில் முதல் வருஷமே கொடுக்க வேண்டும். வண்டிக்காரர் தம் பங்குக்குச் செய்யக்கூடியது ஒன்று உண்டு: பில்லில் எத்தனை கிராம் வெளியே எடுத்தார்கள், எத்தனை கிராம் உள்ளே விட்டார்கள் என்ற இரண்டு எண்களையும் எழுதித் தரும்படி கேட்டு வாங்குவது.